புகார் கொடுத்ததும் வர்ற முதல் கேள்வி

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல சாப்பிட உக்காந்திருந்தேன். கூட்டம் சொல்லவே வேணாம். மேசையைப் பங்கு போட்டுத்தான் உக்காரணும்.

எதிர்ல ரெண்டு பேரு. ஒருத்தருக்குச் சின்ன வயசு. இன்னொருத்தருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். தம்பி ஃபோன்ல எதையோ தள்ளித் தள்ளிக் காட்டுறாரு. பெரியவர்கிட்ட இருந்து ஒரே பதில்தான்.

"விடு தம்பி. கம்ப்ளெயின்ட் பண்ணா பேரு கெட்டுடும். ஏஜென்ட் கடனை அடைச்சோமா, ஊரைப் பார்த்தோமான்னு இரு."

எனக்கு அதுக்கு மேல சாப்பாடு இறங்கல. பெரியவர் மேல கோவம் இல்லங்க. அந்த மனுஷன் அக்கறையாத்தான் சொல்றாரு. அவர் சொல்றது பல நேரத்துல நடைமுறைக்குச் சரியாவும் இருந்துடுது பாருங்க, அதுதான் என் கோவம்.

பேச்சு கொடுத்தேன். "நீங்களே பாருங்கக்கா"ன்னு தம்பி ஃபோனை நீட்டினாரு.

ஒரு படம், டைம் கார்டு. காலையில 8, ராத்திரி 9. அடுத்த நாளும் அதே. அதுக்கடுத்த நாளும் அதே.

இன்னொரு படம், சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. ஓவர்டைம் மணி நேரம்னு ஒரு கட்டம், அதுல பூஜ்யம். கீழே 'அலவன்ஸ்'னு 150 வெள்ளி.

அந்தப் பூஜ்யத்தைப் பாருங்க. யாரோ ஒருத்தர் கணினி முன்னாடி உக்காந்து, யோசிச்சு, தட்டெழுதின பூஜ்யம்.

கணக்கை நாமளே போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒரு மணி நேரக் கூலி கண்டுபிடிக்க மாசச் சம்பளத்தை 12-ஆல பெருக்கணும். வர்றதை 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்னு வகுக்கணும். 800 வெள்ளிக்கு 4 வெள்ளி 20 காசு வருது. ஓவர்டைம்னா அதுல ஒண்ணரை மடங்கு, கிட்டத்தட்ட 6 வெள்ளி 29 காசு. மாசத்துக்கு 60 மணி நேரம் கூடுதலா பார்த்தாருன்னு வச்சுக்கிட்டாலே 377 வெள்ளி வரணும்.

அவருக்கு வந்தது 150.

இவர் வாயைத் திறந்தா பேரு கெட்டுடுமாம். கெடவேண்டியது யாரோட பேருங்க?

இந்த ஊர்ல புகார் கொடுக்கத் தெரியாதவங்க யாரும் இல்ல. மேல்மாடியில காயப்போட்ட துணியில இருந்து தண்ணி சொட்டினா உடனே படம் எடுத்து வன்சர்வீஸ் செயலியில போட்டுடறோம். லிஃப்ட் நின்னா நகர மன்றத்துக்கு ஃபோன். நடைபாதையில ஓடு பேர்ந்திருந்தா அதுக்கும் புகார். நல்லதுதான், நானும் செய்யறவதான்.

ஆனா வேலை இடத்துல தப்பு நடந்தா அதே ஆளுங்க கப்சிப்.

காரணம் தெரிஞ்சதுதான். துணி சொட்டுதுன்னு சொன்னா உங்க வீட்டை யாரும் புடுங்கப் போறதில்ல. முதலாளியைப் பத்திச் சொன்னா சோறு போகலாம். ஒர்க் பெர்மிட்ல இருக்கறவங்களுக்குச் சோத்தோட சேர்த்து இங்க இருக்கற உரிமையும் போயிடும். அவங்க பெர்மிட்டை முதலாளியே ரத்து பண்ண முடியும்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். ஒரு அலுவலகத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா சுவத்துல மாட்டியிருக்கற 'எங்கள் விழுமியங்கள்' பலகையைப் படிக்கவே வேணாம். புகார் கொடுத்ததும் அவங்க கேக்கற முதல் கேள்வியைக் கவனிச்சாப் போதும்.

"என்ன நடந்தது?"ன்னு கேட்டா அந்த இடம் தேறும்.

"யாரு சொன்னது? கூட யாரு?"ன்னு கேட்டா, அங்க என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.

இது என் சொந்த அனுபவத்துல வந்த எண்ணம்.

முன்னாடி ஒரு கடையில வேலை பார்த்தேன் (பேரு வேணாம்). ராத்திரி 10 மணிக்குக் கடை சாத்தணும். பத்துக்கே கார்டு தட்டிடணும்னு உத்தரவு. அதுக்கப்புறம்தான் கல்லா கணக்கு, தரை துடைக்கறது, சரக்கு அடுக்கறது எல்லாம். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

மொதல்ல சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னேன். "பார்க்கறேன்மா"ன்னாங்க. பார்க்கல.

வாட்ஸ்அப்ல போட்டேன். கட்டைவிரல் படம் ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான்.

கடைசியா ஒரு பக்கம் தட்டெழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே கூப்பிட்டாங்க. (தாளுக்கு இருக்கற மரியாதையைப் பார்த்தீங்களா!)

சின்ன அறை. மேசையில என் தாள். முதல் மூணு கேள்வி இதுதான்:

"இதை நீங்களேதான் எழுதினீங்களா?"

"வேற யாரெல்லாம் உங்ககூட இருக்காங்க?"

"வெளியில யார்கிட்டயாவது பேசினீங்களா?"

மூணும் ஆளைப் பத்தின கேள்வி. கடை விளக்கு எத்தனை மணிக்கு அணையுதுன்னு ஒருத்தர் கேக்கணுமே? ம்ஹூம்.

நானே சொன்னேன். "கதவைப் பூட்டும்போது தினமும் அலாரம் போடறோம். எத்தனை மணிக்குப் போட்டதுன்னு அந்த அலாரம் கம்பெனிகிட்ட பதிவு இருக்கும். எடுத்துப் பாருங்க."

அப்பதான் பேனாவை எடுத்தாங்க.

பதிவு வந்துச்சு. 10:35. 10:40. 10:50. வரிசையா. அடுத்த மாசத்துல இருந்து அந்த நேரத்துக்கும் சம்பளம் வந்துச்சு. பழைய பாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எழுத்துல பதிலும் கிடையாது.

அந்தப் புகார்ல எனக்கு வந்த காசு கொஞ்சம்தான். தெரிஞ்சுக்கிட்டது நிறைய.

"இதுக்கு முன்னாடி யாருமே சொன்னதில்லையே"ன்னு என்னை விசாரிச்ச மேனேஜர் சொன்னாங்க. பொய் சொல்லல, உண்மையிலேயே அவங்க ஃபைல்ல ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு ரொம்ப முன்னாடியே சேர்ந்த ஒரு அக்கா வருஷக்கணக்கா இதையே சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. எல்லாம் வாயால. காத்தோட போச்சு. அதனாலதான் நிறைய இடத்துல நம்ம தோள்ல கையைப் போட்டு, "எழுத்துல எல்லாம் எதுக்கு, பேசித் தீர்த்துக்கலாமே"ங்கறாங்க. பேசினதுக்குச் சாட்சி இருக்காது.

இன்னொண்ணு, எங்க சூப்பர்வைசர். அவங்கதான் கொடுமைக்காரின்னு நாங்க திட்டிக்கிட்டு இருந்தோம். விசாரிச்சா, கடைக்கு மாசத்துக்கு இத்தனை மணி நேரம்தான்னு தலைமை அலுவலகம் ஒரு அளவு வச்சிருக்கு. தாண்டினா அவங்களுக்குத் திட்டு. வேலையோ குறையல. அந்த அம்மா அளவுக்குள்ள அடக்கிக் காட்ட எங்க அரை மணி நேரத்தை எடுத்துக்கிட்டாங்க. அவங்க செஞ்சது சரின்னு சொல்லல. ஆனா அந்தத் தாள் போகாம இருந்திருந்தா, அழுத்தம் எங்கிருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

சரி, என் கதை சின்னக் கதை. ஊருக்கே தெரிஞ்ச கதைக்கு வரேன்.

பார்ட்டி லியானி. ஞாபகம் இருக்கா?

இந்தோனீசியப் பணிப்பெண். சாங்கி விமான நிலையக் குழுமத்தோட தலைவரா இருந்த லியூ மன் லியோங் வீட்டுல 2007-ல இருந்து வேலை பார்த்தவங்க. அந்த வீட்டு வேலையோட, மகனோட வீட்டையும் அலுவலகத்தையும் துப்புரவு பண்ண அனுப்பியிருக்காங்க. அது சட்டவிரோதம். 2016 அக்டோபர் 28-ஆம் தேதி திடீர்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. மூட்டை கட்ட ரெண்டு மூணு மணி நேரம்தான். அந்தக் கோவத்துல அவங்க, மனிதவள அமைச்சுல புகார் பண்ணுவேன்னு சொன்னாங்க.

கவனிங்க, சொன்னாங்க. அவ்வளவுதான். அப்ப புகார் கொடுக்கக்கூட இல்ல.

ரெண்டு நாள்ல, அக்டோபர் 30-ஆம் தேதி, திருடிட்டாங்கன்னு போலீஸ்ல புகார். ஊருக்குப் போயிட்டு டிசம்பர்ல திரும்பி வந்தவங்களை விமான நிலையத்துலயே கைது பண்ணாங்க. 2019 மார்ச்ல 26 மாச சிறைத் தண்டனை.

மேல்முறையீடு போச்சு. வழக்கறிஞர் அனில் பால்சந்தானி காசு வாங்காம வாதாடினார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவற ஹோம் அமைப்பு தங்க இடம் கொடுத்துச்சு. 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன் விடுதலை பண்ணார். அமைச்சுக்கு அவங்க புகார் கொண்டு போயிடக் கூடாதுங்கற தவறான நோக்கம் அந்தக் குடும்பத்துக்கு இருந்துச்சுன்னு தீர்ப்புலயே சொன்னார்.

அந்த வழக்குல ஒரு டிவிடி பிளேயர் வரும். அதையும் திருடினதாக் குற்றச்சாட்டு. கெட்டுப்போச்சுன்னு அந்த வீட்டுலயே தூக்கிப்போடச் சொன்ன சாமான்னு பார்ட்டி சொன்னாங்க. கீழ் நீதிமன்றத்துல அதை ஓட்டிக் காட்டினாங்க, வேலை செய்யற மாதிரி இருந்துச்சு. மேல்முறையீட்டுலதான் வெளிய வந்துச்சு, அதுல டிவிடி ஓடாதுன்னு! ஒரு பழைய பெட்டி வேலை செய்யுதா இல்லையாங்கற ஒரே ஒரு விஷயத்தை ஒழுங்காக் கேட்டுச் சரிபார்க்க இத்தனை வருஷம்.

அப்புறம் நாடாளுமன்றத்துல அமைச்சர் கா. சண்முகம், போலீஸ் விசாரணையில குறைபாடு இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டார். புகார் வந்து ஏறக்குறைய அஞ்சு வாரம் கழிச்சுத்தான் சம்பவ இடத்துக்கே போயிருக்காங்க. லியூ மன் லியோங் பதவி விலகினார்.

அந்தம்மாவுக்கோ வேலை பார்க்க முடியாம நாலு வருஷம் போச்சு. புகார் பண்ணுவேன்னு சொன்னதுக்கு வந்த விலை.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போவோம். 2012 நவம்பர் 26. எஸ்எம்ஆர்டி நிறுவனத்துல சீனாவிலிருந்து வந்த 171 பஸ் ஓட்டுநர்கள் வேலைக்குப் போகல. மறுநாளும் 88 பேர் போகல. 1986-க்கு அப்புறம் சிங்கப்பூர்ல நடந்த முதல் வேலைநிறுத்தம். சட்டவிரோதம்னு அரசாங்கம் அறிவிச்சுது. 29 பேரை ஊருக்கு அனுப்பினாங்க. அஞ்சு பேருக்கு 6, 7 வாரச் சிறை.

அவங்க குறை என்ன? மலேசிய ஓட்டுநர்களைவிடச் சம்பளம் கம்மி. விடுதியில மூட்டைப்பூச்சி. வேற வேற ஷிஃப்ட் ஆளுங்களை ஒரே அறையில போட்டதால, ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் கிளம்பிக்கிட்டு இருப்பார். (விடியக்காலையில பஸ் ஓட்டற ஆளுக்குத் தூக்கம் இல்லைன்னா, பஸ்ல உக்காந்திருக்கற நமக்கும் அது பிரச்சினைதானே?)

வேலைநிறுத்தம் நடந்ததும் என்னாச்சு? அறைகளுக்கு மருந்து அடிச்சாங்க. குறை சொல்லத் தொலைபேசி எண் வச்சாங்க. ஒரே ஷிஃப்ட் ஆளுங்களை ஒண்ணா வைக்க ஏற்பாடு பண்ணாங்க. அரசாங்கமே, நிறுவனம் குறைகளைக் கையாண்ட விதம் சரியில்லைன்னு சொல்லுச்சு.

மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவை ஆறு மாசம் முன்னாடியே செஞ்சிருந்தா? சிறைக்குப் போனவங்க சட்டத்தை மீறினாங்க, ஒத்துக்கறேன். ஆனா மெதுவாச் சொன்னப்ப காது கேக்காத இடம், கத்தினதுக்கப்புறம் இதையெல்லாம் சரி பண்ணுதுன்னா, முடியாம இல்ல, மனசில்லாமத்தான் இருந்திருக்கு.

இதெல்லாம் கேட்டு மனசு விட்டுடாதீங்க. கேள்வி சரியாத் திரும்பின இடமும் இருக்கு.

2017-ல உயர் நீதிமன்றத்துல ஒரு வழக்கு. சீனாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருத்தர். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அமைச்சு அனுப்பற கொள்கை அளவிலான அனுமதிக் கடிதத்துல (நம்ம ஆளுங்க 'ஐபிஏ'ம்பாங்க) ஒரு சம்பளம். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல அதைவிடக் கம்மி. நம்ம பிள்ளைங்க எத்தனை பேருக்கு இது நடந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க!

நீதிபதி லீ செய்யூ கின் தீர்ப்போட சாரம் இதுதான்: ஐபிஏ-ல இருக்கறது முதலாளியே அரசாங்கத்துக்குச் சொன்ன சம்பளம். அதைத்தான் உண்மைன்னு எடுத்துக்கணும். அதைவிடக் கம்மிதான்னு சொன்னா, அதை முதலாளிதான் நிரூபிக்கணும்.

அதுவரைக்கும் "நீ ஏன் கையெழுத்துப் போட்டே?"ன்னு தொழிலாளியைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இந்தத் தீர்ப்பு வந்ததும் "நீங்க ஏன் அரசாங்கத்துக்கு வேற தொகை சொன்னீங்க?"ன்னு முதலாளியைக் கேக்க முடிஞ்சுது. ஐபிஏ கடிதத்தைத் தூக்கிப் போடாதீங்கன்னு நான் பார்க்கற தம்பிங்க எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான். படம் எடுத்து, ஊர்ல தங்கச்சி ஃபோனுக்கும் அனுப்பி வையுங்க.

இப்ப வழி என்ன இருக்குன்னும் சொல்லிடறேன்.

சம்பளப் பிரச்சினைன்னா டாடெம், அதாவது சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி. 2017-ல வந்தது. மொதல்ல ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுச் சமரசம் பேசுவாங்க. ஒத்துவரலைன்னா வேலை சார்ந்த கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம். அங்க வக்கீலுக்கு இடமில்ல. முதலாளியும் வக்கீல் வைக்க முடியாது, நாமளும் வைக்க வேண்டியதில்ல.

நேரக் கெடு முக்கியம். வேலையில இருந்தா, பாக்கி விழுந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள. வேலையை விட்டுட்டா, கடைசி நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள. அநியாயமா வேலையை விட்டுத் தூக்கினாங்கன்னா ஒரே மாசம்தான். "ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்"னு இருந்தா போச்சு.

புகார் கொடுத்தா தொழிலாளிக்கு நஷ்டமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெர்மிட் ரத்தாகி, புகார் நடக்கற வரைக்கும் ஸ்பெஷல் பாஸ்ல இருக்கறவங்க பொதுவா வேலை செய்யக் கூடாது. நியாயமான சம்பளப் புகார் இருந்தா வேற முதலாளியைத் தேட அமைச்சு விடறதும் உண்டு. ஆனா அதுவரைக்கும்? டிடபிள்யூசி2 அமைப்பு 2008-ல இருந்து லிட்டில் இந்தியாவுல இலவசச் சாப்பாடு போடறது இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். கஃப் ரோடு திட்டம்னு பேரு. தர்மசிந்தனைன்னு பாராட்டிட்டுப் போயிட முடியாது. உரிமையைக் கேட்ட ஆள் ஏன் சோத்துக்கு வரிசையில நிக்கணும்? கூரை ஒழுகுதுன்னு சொன்னவனையே மழையில நிறுத்தற மாதிரி இருக்கு.

சரி, எழுதறவங்களுக்கு என் யோசனை. அன்னன்னைக்கே குறிச்சு வையுங்க: தேதி, நேரம், இடம், யாரு இருந்தாங்க, என்ன சொன்னாங்க. கோவத்தை எழுதாதீங்க, நடந்ததை எழுதுங்க. 'கொடுமை', 'அராஜகம்'னு எழுதினா உங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. '10:40-க்கு அலாரம்'னு எழுதினா அலாரத்தைப் பத்தித்தான் பேசியாகணும். கடைசி வரியில உங்களுக்கு என்ன வேணும்னு தெளிவாக் கேளுங்க. எந்தத் தேதிக்குள்ள பதில் வேணும்னும் போடுங்க.

இதைப் படிக்கற மேனேஜர், சூப்பர்வைசர் யாராவது இருந்தா உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க பையன் வயசு ஒருத்தர் நடுங்கிக்கிட்டே ஒரு தாளை நீட்டறாருன்னா, உங்க இடத்துல எங்க ஓட்டைன்னு காசில்லாமக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்காரு. அவர் உங்களை நம்பினதாலதான் உங்ககிட்ட வந்தார். நம்பாதவங்க பேசாம வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க.

கடைசியா புதுச் சட்டம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரி 8-ஆம் தேதி நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு. 2027 கடைசிக்குள்ள அமலுக்கு வரும்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. வயசு, இனம், சமயம், பாலினம், கர்ப்பம், உடற்குறை, மனநலம் இந்த மாதிரி காரணங்களை வச்சுப் பாகுபாடு காட்டக் கூடாது. என் கண்ணுக்குப் பெருசாத் தெரியறது வேற: குறை சொன்னா விசாரிக்கற முறை ஒண்ணு இருந்தே ஆகணும், சொன்னவர் மேல பழிவாங்கல் கூடாது. என்னை அந்தச் சின்ன அறையில உக்கார வச்சுக் கேட்ட மாதிரி கேள்விக்கெல்லாம் சட்டம் அமலுக்கு வந்தா யோசிச்சுத்தான் வாயைத் திறக்கணும்.

சந்தோஷம். ரொம்பவே சந்தோஷம்.

ஆனா 25 பேருக்குக் கம்மியா ஆள் வச்சிருக்கற நிறுவனங்களுக்குக் குறைஞ்சது முதல் அஞ்சு வருஷத்துக்கு விலக்கு. சின்ன முதலாளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுங்கற எண்ணம் எனக்குப் புரியுது. ஆனா சிராங்கூன் ரோட்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, நகைப் பட்டறை, முடிவெட்டுற கடை, துணைக் குத்தகை எடுக்கற சின்னக் கட்டுமானக் கம்பெனி. எத்தனை இடத்துல 25 பேரைப் பார்ப்பீங்க? மனிதவளப் பிரிவும் இல்ல, சங்கமும் இல்ல, முதலாளியும் மேனேஜரும் கல்லாவும் ஒரே ஆள். அங்கதான் இந்தச் சட்டம் முதல்ல போய்ச் சேரணும்.

அந்த விலக்கை மறுபரிசீலனை பண்ணும்போது எடுத்துடணும்ங்கறது என் கருத்து. உங்களுக்கும் அப்படித் தோணினா, உங்க தொகுதி எம்.பி.யோட மக்கள் சந்திப்புக்குப் போங்க. வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டுக் கொடுங்க, ஒரு நகலை நீங்க வச்சுக்கோங்க. பதில் வரலைன்னா மறுபடியும் போங்க. நான் எழுதி முடிச்சுட்டேன், இந்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கறேன்.